ஈரம் இருக்கும்வரை பூச்சியும் இருக்கும்

மழைக்காலம் வந்துவிட்டால் தோட்டப்புறத்தில் முதலில் எழும் கவலை பால்வெட்டைப் பற்றியது. மரம் நனைந்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. இது எல்லாரும் அறிந்த கவலை; சங்கக் கூட்டங்களில் பேசப்படும் கவலை. ஆனால் அதே மழை வீட்டுக்குள் செய்துவிட்டுப் போகும் சேதத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறது. பலகையில் பூசணம் பூக்கிறது. அதன் பின்னாலேயே கறையான், கரப்பான், வெள்ளிப்பூச்சி, கொசு எனப் பூச்சிப் பட்டாளம் ஒவ்வொன்றாகக் குடியேறுகிறது.

“பூச்சிதானே, தோட்டம்னா இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பூச்சிகளில் ஒன்று நம் பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. இன்னொன்று மாதத்துக்கு வாங்கிப் போட்ட அரிசியைப் பாழாக்குகிறது. மற்றொன்று, பெட்டிக்குள் இருக்கும் பிறப்புப் பத்திரத்தையே தின்றுவிடுகிறது. இவற்றை அற்பப் பிரச்சினை என்று ஒதுக்க முடியுமா?

நம் வீட்டுப் பெண்கள் சம்பளம் போட்டதும் மற்ற சாமான்களோடு பூச்சி மருந்து டின் ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். அடித்த அன்று நாலு கரப்பான் செத்து விழும். அடுத்த வாரம் எட்டு வரும். மருந்து கெட்டுப்போனதா? இல்லை. மருந்து கண்ணில் பட்ட பூச்சியைக் கொன்றது. பூச்சியை வரவழைத்த ஈரம் அப்படியே இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு விளைவின்மீது காசைக் கொட்டினால் காசுதான் தீரும்.

பூச்சிக்கு ஈரம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? அதன் உடல் மிகச் சிறியது. உடலில் உள்ள நீர் சீக்கிரம் காய்ந்து போகும். அதிலும் கறையானின் தோல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் அது வெகுநேரம் தாங்காது. ஆகவே ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இவை வாழும். நம் நாட்டிலோ ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. கூரை ஒழுகி, சாக்கடை அடைத்து, சுவரும் ஊறிப்போன வீடாக இருந்தால், பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் வேறு கிடைக்காது.

தண்ணீரை வடித்ததால் பிழைத்த ஊர்

நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை. இந்த உண்மை இந்த மண்ணிலேயே நூறு ஆண்டுகளுக்கு முன் நிரூபிக்கப்பட்டது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கிள்ளானிலும், 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா பேயாட்டம் ஆடியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்போது அங்கே மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியச் செய்தார். புதர்க்காடுகளை அழிக்கச் செய்தார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பின்னர் அதே முறை ரப்பர் தோட்டங்களிலும் கையாளப்பட்டது. கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலுக்குப் பலியான காலம் அது. அவர்களின் பிள்ளைகள் பிழைத்ததற்கு மருந்து ஒரு காரணம் என்றால், வெட்டிய கால்வாய் இன்னொரு காரணம்.

ஊருக்குப் பொருந்தியது வீட்டுக்கும் பொருந்தும். முதலில் தண்ணீரை வடிய விடு. பிறகு மருந்தைப் பற்றிப் பேசு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூச்சியாகப் பார்ப்போம்.

கறையான்: அடியில் இருக்கும் எதிரி

வீட்டைத் தாக்கும் கறையான்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்ளிருந்து வருபவை. ராணியும் கூடும் நிலத்துக்கு அடியில் இருக்கும். வேலைக்காரக் கறையான்கள் மட்டும், வெளிச்சமும் வறண்ட காற்றும் படாமல், விரல் பருமனுக்கும் குறைவான மண் குழாய் கட்டிக்கொண்டு சுவரில் ஏறி வரும். அந்தக் குழாயைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு “ஒழிஞ்சது சனியன்” என்று நினைப்போம். அது ஒழியவில்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். புது மண் பூசியிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று பொருள்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதையும், காலையில் சன்னலடியில் இறக்கைகள் உதிர்ந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறோம். ஈசல் என்பது கறையானின் இறக்கை முளைத்த பருவம். சோடி சேர்ந்து புதுக் கூடு கட்டத்தான் அது புறப்படுகிறது. வீட்டுக்குள்ளேயே, சுவர் வெடிப்பிலிருந்து ஈசல் புறப்பட்டால் கூடு மிக அருகில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது வேடிக்கை பார்க்கும் விஷயமல்ல. நிர்வாகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டிய விஷயம்.

தோட்டத்தில் கறையானுக்கு நாமே விருந்து வைக்கிறோம். பழைய ரப்பர் மரத்தை வெட்டி விறகாக்கி, சமையலறைச் சுவரோடு சேர்த்து அடுக்குகிறோம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சியும் பூசணமும் அதை விரும்பித் தின்னும். மேசை நாற்காலி செய்யும் ஆலைகளில் அறுத்தவுடன் போரக்ஸ் போன்ற மருந்தை ஏற்றிய பிறகே அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட மரத்தை ஈர மண்ணில் சுவரோரம் போட்டுவைத்தால், விறகிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கூரைச் சட்டத்துக்கும் கறையானுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகும். விறகை வீட்டைவிட்டுத் தள்ளி, கல் அல்லது இரும்புக் குழாயின் மேல் உயர்த்தி அடுக்குங்கள். கோழிக் கூண்டின் கால், கூடுதலாகப் போட்ட பந்தலின் கால், படிக்கட்டுப் பலகை எதுவும் நேராக மண்ணில் ஊன்றி நிற்கக் கூடாது.

மண்ணெண்ணெய் ஊற்றுவதும், லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசுவதும் சிலரது கைமருந்து. மண்ணெண்ணெய் ஊறிய பலகை வீட்டில் ஒரு தீக்குச்சி போதும். ஒரு லயமே எரிந்துவிடும். மண்ணுக்கடியில் உள்ள கூட்டை அந்த எண்ணெய் தொடுவதும் இல்லை. கூட்டை அழிக்க மண்ணில் மருந்து செலுத்துவதும், இரை வைத்து ராணிவரை நஞ்சை அனுப்புவதும் உரிமம் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவு வீட்டுக்குச் சொந்தக்காரரைச் சேர்ந்தது; குடியிருக்கும் தொழிலாளியைச் சேர்ந்ததல்ல.

பத்திரத்தைத் தின்னும் பூச்சி

பழைய பெட்டியைத் திறந்தால் வெள்ளியைப்போல் மின்னிக்கொண்டு ஓடி ஒளியும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். இராமபாணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கஞ்சி போட்ட துணி, புத்தகத்தின் பசை, காகிதம் ஆகியவை இதன் உணவு. இருட்டும் ஈரமும் கிடைத்தால் ஒரே பூச்சி சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். இது காகிதத்தைச் சுரண்டித் தின்னும். கறையான் வந்தாலோ மொத்தமாக மண்ணாக்கிவிடும்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் சமுதாயத்துக்குக் காகிதம் என்பது உயிர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று வந்தபோது, ஆயுள் முழுவதும் இங்கே உழைத்தவர்கள்கூட மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளியில் சேர அலைகிறது. பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாளக் கார்டுக்கு அலைகிறது. தோட்டத்தில் விபத்து நேர்ந்து குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், சொக்சோவில் உதவித்தொகை கேட்கும் மனைவி திருமணப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் காட்ட வேண்டும். சேமநிதிப் பணத்துக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தால் கையில் தூள் வந்து விழுகிறது என்றால், அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

ஆகவே பத்திரங்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவோ பிஸ்கட் டின்னோ போதும். ஒவ்வொரு பத்திரத்தையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மருந்துப் புட்டிகளிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போடுங்கள். பிள்ளைகள் கையில் அவை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையிலோ, கட்டிலுக்கடியிலோ, சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். இடுப்பளவு உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை நல்ல வெயில் நாளில் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, வேறொரு வீட்டில், அண்ணன் தம்பி வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ, கொடுத்து வையுங்கள். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளை விட்டுப் படமும் எடுக்கச் சொல்லுங்கள். சேதமான பத்திரத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதில் எஞ்சியிருக்கும் பதிவு எண் ஒன்றே போதும். தேசியப் பதிவு இலாகாவில் மாற்றுப் பத்திரம் கேட்கும்போது தேடும் வேலை பாதியாகக் குறையும்.

துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடும் வழக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைவோடு பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் கணிசமாக உண்டு. அதனால்தான் மருத்துவமனையில் பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தை, பாச்சை உருண்டை வாசம் ஏறிய துணியைப் போர்த்திக்கொண்டால் இரத்தம் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம், மூளையே பாதிக்கப்படலாம். “பாட்டி காலத்துப் பட்டுத்துணி, அதில்தான் குழந்தையைச் சுத்தணும்” என்றால், முதலில் அதை நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசம் முழுவதும் போன பிறகே எடுங்கள்.

கரப்பானும் அரிசி வண்டும்

பெரிய சிவப்புக் கரப்பான் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் வாழ்ந்து, இரவில் சமையலறைக்கு வரும். கழிவில் நடந்த கால்களோடுதான் அது சோற்றுப் பானைமீதும் நடக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகளை அது சுமந்து வரும். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி மூச்சில் போனால், இழைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு நோய் முற்றும். அதன் முட்டை கெட்டியான கூட்டுக்குள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து இருப்பதால் தெளிக்கும் மருந்து உள்ளே போவதில்லை. அடுத்த படை அங்கிருந்துதான் வருகிறது.

இரவில் அதற்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வதே முதல் வைத்தியம். படுக்கும் முன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கழுவுதொட்டியைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். அது ஒருசில காசுதான். சாக்கடை வாயில் வலைக் கம்பி வையுங்கள். போரிக் பௌடரைச் சீனியோடு கலந்து அலமாரிக்குப் பின்னால், பிள்ளைகளுக்கும் கோழிக்கும் நாய்க்கும் எட்டாத இடுக்கில் மெல்லியதாகத் தூவலாம். அதுவும் நஞ்சுதான் என்பதை மறக்க வேண்டாம். தரை ஈரமாக இருந்தால் அந்தத் தூள் கட்டிப்போய் வேலை செய்யாது. அங்கேயும் ஈரம்தான் எதிரி.

அரிசியில் வண்டு விழுவதும் ஈரத்தால் அதிகமாகும். சாக்கோடு தரையில் வைக்காமல் மூடியுள்ள டின்னில் கொட்டி வையுங்கள். பழைய அரிசி தீரும் முன் புதியதை அதன்மேல் கொட்டாதீர்கள். அரிசியில் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள்.

டிங்கி: விளையாட்டல்ல

மற்றப் பூச்சிகள் பொருளைக் கெடுக்கும். ஏடிஸ் கொசு உயிரையே எடுக்கும். 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டோரை டிங்கிக் காய்ச்சல் தாக்கியது; 182 பேர் மாண்டனர். இது பட்டணத்து நோய் என்று நினைக்க வேண்டாம். பால் வடியும் மங்கில் மழைத் தண்ணீர் தேங்கினால் போதும், ஏடிஸ் முட்டையிடும். பால் வெட்டாமல் விட்ட நிரையில் மங்குகள் மல்லாந்து கிடந்தால், அந்த மரக்காடே கொசுப் பண்ணைதான். வெட்டாத மரத்தின் மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு நிமிட வேலை.

வீட்டில் தண்ணீர்த் தோம்பு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சாமி மாடத்துச் செம்பு, குளிர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு இவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். வாரம் ஒருமுறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் ஒருமுறை கொட்டிவிட்டால் ஒரு தலைமுறை அழிந்தது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பக்கங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். கொட்ட முடியாத தண்ணீரில் அபேட் மணல் மருந்தை 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில் போடலாம். புகை அடிக்கும் வண்டி வந்துபோனதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்தால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவு அதிகமாகும். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு வந்தால் அது குணமாகும் அறிகுறியல்ல, ஆபத்தின் அறிகுறி. “காய்ச்சல் விட்டுப்போச்சு, நாளைக்குப் போகலாம்” என்று ஒரு இரவு தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

தோட்டத்து விஷம் வீட்டுக்கு வேண்டாம்

இன்னொன்றை வன்மையாகச் சொல்ல விரும்புகிறோம். களைக்கும் பூச்சிக்கும் தோட்டத்தில் அடிக்கும் மருந்தைச் சோடாப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. அந்த மருந்து வீட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. தாகத்தில் வந்த பிள்ளை சோடா என்று நினைத்துக் குடித்த கதைகள் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. எத்தனையோ உயிர்களைக் குடித்த பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தடை வந்தாலும், ஸ்டோரின் மூலையிலோ வீட்டின் கொல்லையிலோ பழைய புட்டி ஒன்று கிடக்கலாம். அப்படி இருந்தால் திறக்காமல், சாக்கடையில் ஊற்றாமல், நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

யார் பொறுப்பு?

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. ஆனால் தொழிலாளி மட்டுமே துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் போய்விடுமா? கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகுவது தொழிலாளியின் குற்றமல்ல. லயத்துக்குப் பின்னால் சாக்கடை உடைந்து வீட்டு அடித்தளம் ஊறுவதும், கழிவுத் தொட்டி நிரம்பி வழிவதும் அவர் குற்றமல்ல. தோட்ட வீடுகளின் தரம் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைக்கும் கடமையை அது முதலாளியிடம் ஒப்படைக்கிறது. 2020இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டு, தோட்டத்துக்கு வெளியே தங்குமிடம் கொடுக்கும் முதலாளிகளும் அதற்குள் வந்துவிட்டனர். கொசு வளரவிட்டால் தண்டனை விதிக்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் குடிசைக்கு மட்டுமல்ல, ஆபீசுக்கும் ஆலைக்கும் பொருந்தும்.

“சொன்னோம், பார்க்கிறேன்னாங்க” என்ற பதிலைத்தான் எங்கும் கேட்கிறோம். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள். எந்த லயம், எத்தனையாவது கதவு, எங்கே ஒழுகுகிறது, எந்தத் தேதியிலிருந்து என்று நாலு வரி போதும். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போனால் அது புகார். இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் அது கோரிக்கை. கிளைச் சங்கத் தலைவர்கள் போனஸ் பேச்சோடு இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

இந்த லயத்தில் இன்று நம்மோடு வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் தேங்கிய தண்ணீரில் வளர்ந்த கொசு, நம் சாதி, நாடு பார்த்துக் கடிப்பதில்லை. கையெழுத்து வாங்கும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். சாக்கடை தோண்டும் கூட்டு வேலைக்கும் கூப்பிடுங்கள்.

தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஊறிய சுவருக்குமேல் அடித்த சுண்ணாம்பு தை மாதத்துக்குள் உதிர்ந்துவிடும். இம்முறை வாளியைக் கையில் எடுக்கும் முன் கூரையைப் பாருங்கள், சாக்கடையைப் பாருங்கள், பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பாருங்கள். ஒழுகும் வீடுகளின் பட்டியலை முதலில் எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டு, பிறகு வெள்ளையடியுங்கள்.